மண்டிக்காரரின் வேலையை யார் செய்வது?

தக்காளிக்கு நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விளைவித்தவருக்குக் கிடைப்பது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, திராட்சையில் 35. ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வுத்தாள்கள் தரும் கணக்கு இது. இடைத்தரகரை ஒழித்தால் மிச்சக் காசும் உழவர் கைக்கு வந்துவிடும் என்று இதைப் படித்ததும் தோன்றும். ஆனால், அந்த மிச்சம் முழுவதும் கமிஷன் அல்ல. தரம் பிரிக்கும் கூலி, லாரி வாடகை, சுமைக்கூலி, அழுகும் சரக்கின் நட்டம், சாகுபடிக்குத் தந்த முன்பணத்தின் வட்டி எல்லாமே அதற்குள் அடக்கம். மண்டிக்காரரை விலக்கிவிடலாம்; அவர் செய்யும் வேலைகள் அப்படியே நிற்கும். நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் உழவர் குழுக்கள் நிலைப்பதும் சரிவதும் அவற்றைச் செய்து முடிக்கும் திறனைப் பொறுத்ததே.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, இந்த வேலைகளில் சிலவற்றை அரசே ஏற்ற முயற்சி. கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் அங்கேயே கிடைத்தது. பக்கத்து ஊரிலிருந்து கீரையும் கத்தரிக்காயும் கொண்டுவருபவருக்கு அது போதும். பசுமைக்குடிலில் குடைமிளகாயோ பிராக்கோலியோ பயிரிடுபவரின் நிலைமை வேறு. அவருடைய முதலீடு பெரிது, வாங்குபவர்கள் தொலைவில், நகரத்தில் இருக்கிறார்கள். வாரம் தவறாமல் ஒரே தரத்தில் சரக்கு வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. ஒற்றை விவசாயியின் அரை ஏக்கரால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. பத்து இருபது பேர் நாள் பிரித்து நடவு செய்து, ஒரே கூடத்தில் தரம் பிரித்தால் முடியும்.

இதில் கட்டுப்பாடுதான் முதல் மூலதனம். 2010இல் குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சி ஊக்கியின் எச்சம் கண்டறியப்பட்டதால் இந்தியத் திராட்சை ஐரோப்பிய சந்தையில் பெரும் அடி வாங்கியது. ஒரு தோட்டத்தில் அடிக்கும் மருந்து எல்லோர் பெயரையும் கெடுக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஏறக்குறைய அதே காலத்தில் நாசிக் மாவட்டத்தில் உருவான சஹ்யாத்ரி என்ற உழவர் நிறுவனம் திராட்சை ஏற்றுமதியில் முன்னணிக்கு வந்தது. 2020 பொதுமுடக்கத்தின்போது அது நகரக் குடியிருப்புகளுக்கே காய்கறிப் பெட்டிகளை அனுப்பியது. சேகரிப்பும் தரம் பிரிப்பும் முன்பே பழக்கத்தில் இல்லாத ஒரு குழு, நெருக்கடி வந்த பிறகு அதைக் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

குழுவே நாளடைவில் புதிய இடைத்தரகர் ஆகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகலாம், அதற்கும் செலவு உண்டு, பிடித்தம் உண்டு. ஆனால் 2002இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட உற்பத்தியாளர் நிறுவனப் பிரிவின்படி, பத்து உழவர்கள் சேர்ந்தால் ஒரு நிறுவனம் தொடங்கலாம். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் உழவர் ஒருவருக்கு ஒரு வாக்குதான். மண்டிச் சீட்டில் விழும் கழிவைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாதவர், இங்கே கணக்கைக் கேட்க உரிமை பெறுகிறார். வசதியுள்ளவர்கள் மட்டுமே வாங்கும் பயிர்கள்தானே என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. எல்லோரும் குடைமிளகாய்க்கு மாறினால் விலை சரியும் என்பதும் உண்மை. அதனால் வாங்குபவரை உறுதி செய்துகொண்டு நடவுப் பரப்பை முடிவு செய்வதே முறை. முதல் தரம் வீடுகளுக்குப் போனாலும் இரண்டாம் தரம் மண்டிக்குத்தான் போகும். மண்டியை அடியோடு ஒழிப்பது இந்தக் குழுக்களுக்கே நல்லதல்ல.

2020இல் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் மூன்றாண்டு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் உறுப்பினரைக் குழுவோடு பிணைப்பது சரக்கு இறக்கிய அன்றே கைக்கு வரும் பணம். மண்டி அன்றே தருகிறது, விதைப்புக்கு முன்பணமும் தருகிறது. குழு இரண்டு வாரம் காக்கவைத்தால், கடன் தவணை நெருங்கும் விவசாயி அடுத்த அறுவடையை மண்டிக்கே ஏற்றுவார். அதைக் குற்றம் சொல்ல முடியாது. எனவே, எத்தனை அமைப்புகள் பதிவாயின என்று எண்ணுவதைவிட, அவற்றுக்கு நடைமுறை மூலதனக் கடன் எத்தனை நாளில் கிடைக்கிறது என்று பார்ப்பதே திட்டத்தின் உண்மையான சோதனை.