அங்குலத்தில் அடங்கும் ஆகாயம்

பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளை ஒட்டி வர்ணம் தீட்டுபவர்களுக்கு அது வரலாறு. சுங்கத்துறைக்கோ வெறும் பொம்மை.

இந்தியச் சுங்கவரி அட்டவணையில் 9503 என்ற எண் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். மூன்று சக்கர சைக்கிள், தள்ளுவண்டி, பொம்மை, புதிர் விளையாட்டு எல்லாம் அங்கே ஒன்றாக வசிக்கின்றன. அதே கூரையின் கீழ் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது இன்னொரு இனம்: அளவு குறைக்கப்பட்ட மாடல்கள். நிஜமான விமானம், டாங்கி, கப்பல், கார் ஆகியவற்றை 72-ல் ஒரு பங்கு, 35-ல் ஒரு பங்கு எனத் துல்லியமாகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து விற்கப்படும் பிளாஸ்டிக் கிட்டுகளும் இந்த இனம்தான். இவற்றை வாங்குபவர்களில் பெரும்பாலோர் பொம்மை வயதைத் தாண்டி வெகுகாலம் ஆனவர்கள். வரி விதிக்கும்போது மட்டும் அவர்களும் குழந்தைகளாகி விடுகிறார்கள்.

2020 பட்ஜெட்டில் பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்கவரி 20 சதவிகிதத்திலிருந்து ஒரே தாவலில் 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. அந்தக் கணக்கில் ஆயிரம் ரூபாய் பெறுமான ஒரு கிட் துறைமுகத்தைத் தாண்டும்போது வரியாக மட்டும் 700 ரூபாயைச் சுமக்கிறது. ஜி.எஸ்.டி., கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். தரமற்ற மலிவு விலைப் பொம்மைகள் வெளிநாட்டிலிருந்து வந்து குவிவதைத் தடுப்பதும் உள்நாட்டுத் தயாரிப்பாளர்களைக் காப்பதும்தான் அரசின் நோக்கம். நியாயமான நோக்கம்தான். ஆனால் மாடல் கிட்டுகளைப் பொறுத்தவரை இந்த மதிலுக்குப் பின்னால் காப்பாற்றப்பட வேண்டிய பெரிய உள்நாட்டுத் தொழில் எதுவும் இல்லை. மதில் மட்டும் இருக்கிறது.

2021 ஜனவரி முதல் அமலுக்கு வந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை, 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொருட்களையே குறிவைக்கிறது. பல கிட்டுகளின் பெட்டியில் '14 வயதுக்கு மேல்' என்று அச்சிடப்பட்டிருக்கும். சுங்கவரிக்கு அந்த வயது வரம்பு கிடையாது.

பொறுமையின் கணக்கு

பெட்டியைத் திறந்ததும் விமானம் கண்ணில் படாது. சன்னமான பிளாஸ்டிக் சட்டங்களும், கிளையில் காய் தொங்குவது போல அவற்றில் ஒட்டியிருக்கும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பாகங்களும்தான் தெரியும். ஒவ்வொன்றையும் கட்டரால் நறுக்கி, பிளேடால் பிசிறு சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டுவதற்கான பசை சாதாரணப் பசை அல்ல. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து, இரண்டு பாகங்களையும் ஒன்றாக உருக வைக்கும் திரவம். காய்ந்த பிறகு அது ஒட்டு அல்ல, பற்றவைப்பு. தப்பாக ஒட்டினால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஒட்டிய இடத்தில் கோடு தெரியக் கூடாது. நிஜ விமானத்தின் உடல் நடுவில் இப்படி நீளவாக்கில் பிளந்திருப்பதில்லையே! அதனால் இடுக்கில் பட்டி வைத்துத் தேய்க்கிறார்கள். முதலில் 400 எண் உப்புத்தாள், பிறகு 800, அப்புறம் 2,000. அதன் பின்னர்தான் பிரைமர், அதற்கு மேல் வர்ணம். வர்ணத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நிஜ விமானத்தின் சாம்பல் நிறத்தை அப்படியே அடித்தால் அரை அடி நீள மாடலில் அது அதிகக் கறுப்பாகத் தெரியும். தூரத்தில் இருக்கும் பொருளின் நிறம் வெளிறித் தெரிவது போல, மாடலின் நிறத்தையும் கொஞ்சம் வெளிற வைக்க வேண்டும்.

அடுத்தது டெக்கால். தண்ணீரில் நனைத்து, காகிதத்திலிருந்து வழுக்கி இறக்கி ஒட்டும் மெல்லிய படலம். விமானத்தின் எண், சின்னம், எச்சரிக்கை வாசகங்கள் எல்லாம் இதில்தான் வருகின்றன. சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டெக்கால், கடைசியில் பளபளப்பைக் கொல்லும் மேட் வார்னிஷ். இவ்வளவும் முடிந்து புத்தம் புதிதாக நிற்கும் விமானத்தின் மேல் எண்ணெய்க் கறை, புகை, துரு, உரிந்த பெயின்ட் ஆகியவற்றை வரவழைப்பதுதான் கடைசிக் கலை. அழகாகச் செய்ததை அளவோடு அழுக்காக்கத் தெரிந்தவரே இந்த வட்டாரத்தில் கைதேர்ந்தவர்.

போர் தந்த பொழுதுபோக்கு

பிளாஸ்டிக் கிட்டின் பிறப்பிடம் பிரிட்டன். 1936-ல் 'ஃப்ராக்' நிறுவனம் 'பென்குவின்' என்ற பெயரில் 1/72 அளவு விமானக் கிட்டுகளை வெளியிட்டது. அவை செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனவை, நாளானால் கோணிக்கொள்ளும். 1/72 என்பது அங்குலக் கணக்கு: ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆவான்.

இரண்டாம் உலகப்போர் அந்த அளவை நிலைநிறுத்தியது. வானத்தில் வருவது நம் விமானமா, எதிரியுடையதா என்று ஒரு பார்வையில் சொல்ல வீரர்களுக்குப் பயிற்சி தர வேண்டியிருந்தது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர மாடல்களைச் செய்து தரும்படி கேட்டது. எல்லாமே 1/72.

போருக்குப் பின் மலிவான பாலிஸ்டைரீன் வந்தது. ஹங்கேரியிலிருந்து பிரிட்டனில் குடியேறிய நிக்கோலஸ் கோவ் 1939-ல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ், 1952-ல் 'கோல்டன் ஹைண்ட்' பாய்க்கப்பலை உல்வொர்த் கடைகளில் விற்பனைக்கு வைத்தது. அடுத்த ஆண்டு ஸ்பிட்ஃபயர் வந்தது. அதன் பின் ஒரு தலைமுறைப் பிரிட்டிஷ் சிறுவர்களின் படுக்கையறைக் கூரைகளில் நூலில் கட்டிய போர் விமானங்கள் தொங்கின.

கிரீடம் பிறகு ஜப்பானுக்குப் போனது. ஷிசுவோகா நகரில் மர வியாபாரமாகத் தொடங்கிய தாமியா, பிளாஸ்டிக் வெள்ளத்தில் மர மாடல்கள் அடித்துச் செல்லப்பட்டதும் 1960-ல் தானும் பிளாஸ்டிக்குக்கு மாறியது. சில ஆண்டுகளில் அது வெளியிட்ட பேந்தர் டாங்கியின் அளவு 1/35. இது எந்த வாய்ப்பாட்டிலும் வராத எண். டாங்கி ஓடுவதற்கான மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு அது. இன்று உலகமெங்கும் ராணுவ வண்டி மாடல்களுக்கு அதுவே பொது அளவு. பேட்டரி போய்விட்டது, எண் நின்றுவிட்டது.

மூவர்ணம் தேடி

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பெட்டிக்குள் வரும் சின்னங்கள் பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி, ரஷ்யாவுக்கு உரியவை. கட்டுபவருக்கு வேண்டியதோ காவி, வெள்ளை, பச்சை வட்டம்.

அதிலும் எந்த ஆண்டின் வட்டம் என்ற கேள்வி எழும். பர்மா முனையில் பறந்தபோது இந்திய விமானப்படையின் சின்னம் கருநீல வட்டத்துக்குள் வெளிர்நீலம். ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பி நம்மவர்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சிவப்பு நீக்கப்பட்டிருந்தது. விடுதலைக்குப் பின் சில காலம் அசோகச் சக்கரம். அதன் பின்னர்தான் மூவர்ணம். தப்பான ஆண்டில் தப்பான வட்டத்தை ஒட்டினால் விஷயம் தெரிந்தவர்கள் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்து விடுவார்கள்.

டெக்கால் கிடைக்காதவர்கள் தாங்களே அச்சடித்துக்கொள்கிறார்கள். அங்கேயும் ஓர் இடர். வீட்டு பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. ஆகவே வெள்ளைப் பின்னணி கொண்ட டெக்கால் தாளில் காவியையும் பச்சையையும் மட்டும் அச்சடித்து, ஓரம் பிசகாமல் வட்டமாக வெட்டியெடுக்க வேண்டும். 1/72 அளவில் ஒரு வட்டம் சட்டைப் பொத்தான் அளவுக்குக்கூட இருக்காது.

இந்த மெனக்கெடலுக்குக் காரணம் தேசபக்தி மட்டுமல்ல. இந்த யந்திரங்களில் பல இப்போது பறப்பதில்லை, சில இல்லவே இல்லை. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானதளம் தாக்கப்பட்டபோது, குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து நாட் விமானத்தில் கிளம்பி, ஆறு சேபர் விமானங்களைத் தனியாக எதிர்கொண்டு உயிர்நீத்தவர் நிர்மல்ஜித் சிங் செகோன். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. அந்த நாட் 1/72-ல் 12 செ.மீ. நீளம், உள்ளங்கையில் அடங்கிவிடும். அவ்வளவு சின்ன விமானத்திலா போனார் என்ற வியப்பு, பக்கத்தில் அதே அளவில் ஒரு சேபரை வைத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

மருத்தின் கதை வேறு. பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனம் தயாரித்து 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த இந்த ஜெட் போர் விமானத்தின் வடிவமைப்பாளர் ஜெர்மானியரான குர்ட் டாங்க். உலகப்போரில் அவர் வடிவமைத்த ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்துக்குக் கிட் வெளியிடாத பெரிய நிறுவனத்தைத் தேட வேண்டும். அதே மனிதர் இந்தியாவுக்காக வடிவமைத்த மருத் வேண்டுமென்றால், சிறு தயாரிப்பாளர்கள் குறைந்த எண்ணிக்கையில் வெளியிடும் கிட்டைத் தேடி அலைய வேண்டும். எது நினைவில் நிற்க வேண்டும் என்பதைச் சந்தையும் தீர்மானிக்கிறது.

லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களையும் சொல்ல வேண்டும். போர் முடிந்ததும் இனி யாருக்கும் உதவக் கூடாது என்று கான்பூரில் உடைத்துப் போடப்பட்டவற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை எச்.ஏ.எல். சீர்செய்து பறக்கவிட்டது. 1968 வரை அவை பணியில் இருந்தன. பிரிட்டன், அமெரிக்கா, கனடா நாட்டு அருங்காட்சியகங்கள் தங்களுக்கு லிபரேட்டர் வேண்டும் என்று பிற்பாடு இந்தியாவிடம்தான் வந்தன.

நிஜத்தைப் பார்த்துச் சரிபார்க்க விரும்புபவர்களுக்கு டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகம், பெங்களூர் எச்.ஏ.எல். அருங்காட்சியகம், கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகம், மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் (2024 முதல் அகில்யாநகர்) உள்ள டாங்கி அருங்காட்சியகம் ஆகியவை புண்ணியத் தலங்கள். மற்றவர்கள் விமானத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது, இவர்கள் சக்கரக் குழிக்குள் கேமராவை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

கைவசம் உள்ளதை வைத்து

சாமான்கள் விலை அதிகம், எளிதில் கிடைப்பதும் இல்லை. ஆனால் கட்டுபவர்கள் சளைப்பதில்லை. பல் டாக்டர் கழித்துப்போட்ட கருவிகள் இடுக்குகளைச் சுரண்டப் பயன்படுகின்றன. சூப்பர் குளூவில் முகப்பவுடரைக் குழைத்தால் நல்ல பட்டி. மீந்த பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்திச் சுடருக்கு மேல் காட்டி இளகியதும் இழுத்தால் தலைமுடி போல நீளும். அதுதான் வானொலிக் கம்பி. பழைய டெக்கால் மஞ்சளித்துப் போனால் வெயில்படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் வெளுக்கும். வெயிலுக்கு இந்தியாவில் சுங்கவரி இல்லை.

மழைக்காலம்தான் எதிரி. காற்றில் ஈரம் ஏறினால் லாக்கர் வார்னிஷ் வெண்படலம் பூத்துப் பல வார உழைப்பைப் பாழாக்கும். மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற நகரங்களில் அடைமழை நாட்களில் ஏர்பிரஷைத் தொடாமல் ஒட்டும் வேலையோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். பசையும் தின்னரும் கிளப்பும் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைப்பதும் முகமூடி அணிவதும் கட்டாயம்.

இளைஞர்கள் வேறு வாசல் வழியே நுழைகிறார்கள். ஜப்பானின் கண்டம் தொலைக்காட்சித் தொடரை ஒட்டி பண்டாய் நிறுவனம் 1980 முதல் வெளியிட்டு வரும் ரோபோ கிட்டுகளுக்கு இப்போது பசையும் வேண்டாம், வர்ணமும் கட்டாயமில்லை. நிறம் ஏற்றிய பிளாஸ்டிக்கைச் சொடுக்கிப் பொருத்தினால் போதும். அனிமே பார்த்து வளர்ந்தவர்கள் ரோபோவில் தொடங்கி, ஒருநாள் ஏர்பிரஷ் வாங்கி, பிறகு மிக்-21 பக்கம் திரும்புவதும் உண்டு. 1963-ல் சேர்ந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற அந்த விமானம் இனி நினைவுச் சின்னங்களிலும் மேஜைகளிலும்தான். வீட்டிலேயே பாகங்களை உருவாக்கித் தரும் முப்பரிமாண பிரின்டர்களும் வந்துவிட்டன. பெரிய நிறுவனங்கள் கண்டுகொள்ளாத இந்தியப் பாகங்களைக் கணினியில் வரைந்து எடுத்துக்கொள்ள முடிகிறது. கோப்புக்குத் துறைமுகம் தேவையில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம் ஐ.என்.எஸ். விக்ராந்த். 1971 போரில் வங்கக் கடலில் பணியாற்றிய இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்று மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்க வழியில்லாமல் ஏலம் போய் 2014-ல் உடைக்கப்பட்டது. அதன் எஃகில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிள் ஆனது. 700 அடி நீளமிருந்த அந்தக் கப்பலை 1/700 அளவில் செய்தால் சரியாக ஓரடி வரும். பெட்டி கிடைக்காவிட்டாலும் பிளாஸ்டிக் தகடு வாங்கி, வரைபடம் பார்த்து, தளத்தையும் கோபுரத்தையும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். அதை வைக்க ஒரு புத்தக அலமாரியின் ஒரு தட்டு போதும். நாட்டுக்குத்தான் அவ்வளவு பெரிய இடம் இல்லாமல் போயிற்று.