எந்திரமும் எண்ணெயும்



பாகூர் வயல்களிலே டீசல் எஞ்சின் கொண்டு நீர் இறைத்த உழவர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். டீசல் தீர்ந்தால் எஞ்சின் நிற்கும். மீண்டும் ஊற்றினால் ஓடும். மசகெண்ணெய் தீர்ந்தாலோ எஞ்சினே தீர்ந்துவிடும். மோட்டார் வண்டிக்கும் போர்க்களத்து டாங்கிக்கும் இவ்விதி ஒன்றே.

காரணம் யாது? எஞ்சினுள் சுழலும் தண்டு, தன்னைத் தாங்கும் உலோகத்தின்மீது நேராக அமர்வதில்லை. இரண்டிற்கும் இடையே தலைமயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கிறது. தண்டு அதன்மேல் மிதக்கிறது. படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தை உரசும், சூடேறும், சில நிமிடங்களில் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அன்றியும், பிஸ்டனின் வெப்பத்தைச் சுமந்து செல்வதும், கரியையும் துகளையும் கழுவுவதும், பிஸ்டன் வளையங்களின் இடுக்கை அடைப்பதும் எண்ணெயின் தொழிலேயாம்.

ஆகவே எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் இருத்தல் வேண்டும். அதில் வேறொன்று கலத்தலும் ஆகாது. சொல்வது எளிது. பெரும் பொறியாளர்களே இதில் இடர்ப்பட்ட கதை ஒன்று உண்டு. அதற்கும் நம் ஆவடிக்கும் தொடர்பு உண்டு.

1950களின் பிற்பகுதியில் நேட்டோ நாடுகள், டாங்கி எஞ்சின் எந்த எரிபொருளிலும் ஓடவேண்டும் என்று விரும்பின. அதற்கென இங்கிலாந்தில் லேலண்டு நிறுவனம் எல் 60 என்னும் எஞ்சினை அமைத்தது. ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இயங்கும் இரு பிஸ்டன்கள், ஆகப் பன்னிரண்டு. மேலும் கீழுமாக இரண்டு கிராங்க் தண்டுகள். வால்வு இல்லை, சிலிண்டர் மூடியும் இல்லை. தாளில் காண்போர்க்கு அழகிய அமைப்புத்தான்!

ஐம்பது டன்னுக்கு மேற்பட்ட சீஃப்டன் டாங்கியில் பூட்டியபோது அழகு கலைந்தது. குளிர்நீர் சூழ்ந்த நீண்ட சிலிண்டர் உறைகளின் அடைப்புகள் தளர்ந்து நீர் கசிந்தது. பிஸ்டன் வளையங்கள் முறிந்தன. அதிர்வினால் குழாய் இணைப்புகள் நெகிழ்ந்து எண்ணெய் ஒழுகியது. விசிறியை ஓட்டும் பகுதியும் பழுதுற்றது. 1970களின் இறுதிவரை திருத்தத்தின்மேல் திருத்தம் செய்தார்கள். எண்ணெயைக் குறை கூறிப் பயனில்லை; ஒரே எஞ்சினிடம் மிகுதியாகக் கேட்டதே பிழை என்பது என் கருத்து. நடுக்களத்தில் நின்றுபோன டாங்கி, அசையாத இலக்கு. உள்ளிருக்கும் நால்வரின் உயிரன்றோ பணயம்!

அதே எல் 60 எஞ்சின்தான், 1965இல் ஆவடியில் உருவாகி வெளிவந்த விஜயந்தா டாங்கிக்கும் அமைந்தது. அதன் எடை ஏறத்தாழ 39 டன். ஆதலின் 535 குதிரைத் திறனே போதுமெனச் சற்று அடக்கி ஓட்டினார்கள். ஆயினும் நம் நாட்டு வெயிலும் இராசஸ்தான மணலும் வேறு சோதனைகள். நுண்மணல் காற்று வடிகட்டியைத் தப்பி உள்ளே புகுந்தால், எண்ணெய் அரைக்கும் சாந்தாகி உலோகத்தைத் தேய்த்துவிடும்.

வீட்டு வண்டியிலோ பம்பு எஞ்சினிலோ கசிவை எவ்வாறு அறிவது? அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பது இயல்பு, அஞ்சவேண்டா. பால் கலந்த காப்பி போலிருந்தால் நீர் கலந்துள்ளது. நீராக இளகி டீசல் நாற்றம் வீசினால் எரிபொருள் இறங்கியிருக்கிறது. அளவு குறைவதைக் கண்டு அஞ்சுவோர் பலர். ஏறுவதைக் கண்டு அஞ்சுவோர் சிலரே. ஊற்றாத எண்ணெய் தானே பெருகுமா? உயர்ந்தது நீராகவோ டீசலாகவோ இருத்தல் வேண்டும். அந்நிலையில் எஞ்சினை முடுக்காமல், கசியும் இடத்தை முதலில் தேடவேண்டும்.