இரும்பு இரும்பைத் தொடாதவரை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிக்கப் வண்டியின் எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே ஆயில் இருக்கிறது. அந்தப் படலத்தின் கனம் சில மைக்ரான். பளு உச்சத்தில் விழும் கணத்தில் அது ஒரு மைக்ரான் வரைக்கும் மெலியும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒன்று. தலைமுடியின் கனமே ஏறக்குறைய 70 மைக்ரான். இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருள் பற்றும்போது பிஸ்டனின் தலையில் விழும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல 150 மடங்கையும் தாண்டும். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மேடேறும் வண்டியின் மொத்தப் பாரத்தையும் இந்த மெல்லிய படலம்தான் ஏந்துகிறது.

இது எப்படி நடக்கிறது என்ற புதிரின் முதல் முடிச்சு அவிழ்ந்தது 1883இல். பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். ஆயில் விடலாம் என்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், ஆயில் உள்ளே போவதற்குப் பதில் அந்தத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்தது. மரமுளை அடித்தார், அதையும் ஆயில் தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, முள் அதன் எல்லையைத் தாண்டிப் போனது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். சுழலும் அச்சு ஆயிலைத் தன்னோடு இழுத்துப் போய், குறுகிக்கொண்டே செல்லும் இடுக்கில் திணிக்கிறது. அந்தத் திணிப்பில் பிறக்கும் அழுத்தம் அச்சையே தூக்கிப் பிடிக்கிறது. ஆயில் பம்ப்பின் வேலை ஆயிலைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி. அச்சைத் தூக்குவது அதன் சுழற்சியேதான்.

அப்படியென்றால் எஞ்சின் நின்றிருக்கும்போது? அப்போது அச்சு பேரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சாவி திருகிய பின் வரும் முதல் சில சுற்றுகளில்தான் உலோகம் உலோகத்தை உரசுகிறது. தொடர்ந்து ஓடும் எஞ்சின் மெதுவாகத் தேய்வதும், அடிக்கடி அணைத்துப் போடும் எஞ்சின் விரைவில் தேய்வதும் இதனால்தான். அமெரிக்காவின் லூயிசியானாவில் 2007ஆம் ஆண்டு மாடல் டொயோட்டா டன்ட்ரா பிக்கப் ஒன்று, 2016இல் பத்து லட்சம் மைலைத் தொட்டது. ஏறக்குறைய 16 லட்சம் கிலோமீட்டர்! எஞ்சினும் கியர்பாக்ஸும் வந்தபோது இருந்தவையே. நிறுவனம் அந்த வண்டியை ஆராய்ச்சிக்காகத் திரும்ப வாங்கிக்கொண்டு, உரிமையாளருக்குப் புதிய வண்டியைக் கொடுத்தது. அது பெட்ரோல் எஞ்சின். நெடுஞ்சாலைகளில் தொலைதூரச் சரக்குக்கு ஓடியது. சூடான எஞ்சின், நிதானமான வேகம், நேரம் தவறாத பராமரிப்பு. கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து வண்டியின் வயதைச் சொல்லும் நம் பழக்கத்தை அந்த வண்டி தகர்க்கிறது. காய்கறி மண்டிக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே ஒரு நாளில் இருபது தடவை அணைத்து எழுப்பப்படும் வண்டி, மீட்டரில் இளமையாக இருந்தாலும் உள்ளே மூத்துப்போயிருக்கும்.

குறுந்தூர ஓட்டத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிறக்கும் நீர் அது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடுகிறது. கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்குகிறது. எஞ்சின் முழுச்சூட்டில் அரைமணி நேரம் ஓடினால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். சூடேறும் முன்பே அணைத்துவிட்டால் அங்கேயே தங்கி, எரியாத டீசலோடும் அமிலங்களோடும் கலந்து ஆயிலைக் கெடுக்கும். கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கு என்று குறைந்த கிலோமீட்டரில் ஆயில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். அதைப் படிக்கும் பலர், மலைப்பாதைக்கும் கல்குவாரிக்கும் போகும் வண்டிகளுக்குத்தான் அது என்று நினைக்கிறார்கள். தெருத்தெருவாக நின்று நின்று தண்ணீர் கேன் இறக்கும் வண்டிக்கும் அது பொருந்தும்.

ஆயில் என்று நாம் ஊற்றுவது வெறும் எண்ணெயும் இல்லை. அதில் கணிசமான பங்கு வேதிப்பொருள்கள். கரியைத் துகள் துகளாகப் பிரித்து மிதக்கவைக்கும் பொருள் ஒன்று. ஆயில் கறுத்துப்போனால் அது கெட்டுவிட்டது என்று பதறவேண்டாம்; டீசல் எஞ்சினில் கறுப்பது, அது கரியைச் சுமந்துகொண்டு தன் வேலையைச் செய்வதன் அடையாளம். சுமக்கும் வலு தீரும் முன் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். அமிலத்தை முறிக்கும் கால்சியம், மெக்னீசியம் சேர்மங்கள் வேறு. எல்லாவற்றிலும் என்னை வியக்கவைப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்மம். 1940களில் அதை ஆயிலில் கலக்கத் தொடங்கியபோது, பேரிங் அரிக்காமலும் ஆயில் கெடாமலும் இருக்கவே கலந்தார்கள். தேய்மானத்தையும் அது தடுக்கிறது என்பது பிறகுதான் தெரியவந்தது. ஆயில் படலம் கிழிந்து இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில், அந்த உரசலின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கொண்டே இந்தச் சேர்மம் உடைந்து, ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குக் கண்ணாடி போன்ற பூச்சாகப் படிகிறது. அடுத்த உரசலில் தேய்வது அந்தப் பூச்சு, இரும்புக்குச் சேதமில்லை. தேயத் தேய மறுபடி படிகிறது. காயம் பட்ட இடத்தில் மட்டும் மருந்து தானே போய் உறைவது போன்ற ஏற்பாடு இது.

இங்கேதான் புதிய வண்டிகளின் சிக்கல் தொடங்குகிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடப்புக்கு வந்தது. டீசல் பிக்கப்புகளின் புகைக்குழாயில் கரி வடிகட்டி ஒன்று சேர்ந்தது, ஒர்க்‌ஷாப்பில் டி.பி.எஃப். என்பார்கள். தேனடை போன்ற பீங்கான் கட்டை அது. நுண்குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒரு முனையில் அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே நுழைந்த புகை, குழாயின் சுவர் வழியாகக் கசிந்துதான் அடுத்த குழாய்க்குப் போய் வெளியேற முடியும். சுவரிலுள்ள துவாரங்கள் பத்து மைக்ரானுக்கும் மேல் அகலம். கரித்துகளோ பெரும்பாலும் ஒரு மைக்ரானில் பத்தில் ஒன்றுதான் இருக்கும். நூறு மடங்கு பெரிய ஓட்டையில் அது எப்படி மாட்டிக்கொள்கிறது? அவ்வளவு சிறிய துகள் நேர்கோட்டில் போவதில்லை. வாயு மூலக்கூறுகள் இடிக்க இடிக்க அலைக்கழிந்து சுவரில் மோதி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய கரியின் மேல் அடுத்த கரி படிய, அந்தக் கரிப்படிவமே இன்னும் நுண்ணிய வடிகட்டியாகிவிடுகிறது.

சேர்ந்த கரியை எரித்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் பாரத்தோடு போகும்போது புகையின் சூட்டில் ஓரளவு தானாகவே எரிந்துவிடும். இல்லையென்றால் எஞ்சினின் கணினி சற்றுத் தாமதமாகக் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்து, வடிகட்டியை ஏறக்குறைய 600 டிகிரிக்குச் சூடேற்றி எரிக்கும். பத்து இருபது நிமிடம் பிடிக்கும் வேலை. ஓட்டுநருக்கு அது நடப்பதே தெரியாமல் போகலாம். பாதியில் வண்டியை அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். மறுநாள் முதலிலிருந்து தொடங்கும். தாமதமாகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரை நனைத்து ஆயிலுக்குள் வழிகிறது. இப்படிப் பலமுறை பாதியில் நின்றால் ஆயிலின் அளவு கூடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைந்திருந்தால் கவலைப்படுகிற நாம், ஏறியிருந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. ஏறியிருக்கும் ஆயில் டீசல் கலந்த ஆயில்; அதன் படலம் மெலிந்திருக்கும். டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் ஊருக்கு வெளியே ஓர் இருபது கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வருவதுதான் முதல் வைத்தியம்.

கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. எஞ்சினுக்குள் கொஞ்சம் ஆயில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. எண்ணெய் புகையாகிப் போக, அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் துத்தநாகமும் சாம்பலாகி வடிகட்டிக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன. எஞ்சினைக் காப்பாற்றிய அதே உலோகங்கள் வடிகட்டியை அடைக்கின்றன. இதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலைத் தனியாக வகுத்தார்கள். ஏ.பி.ஐ. சி.கே-4 என்று டப்பாவில் போட்டிருந்தால், அந்த ஆயில் விட்டுப்போகும் சாம்பல் எடையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய வண்டிக்கு ஊற்றிவந்த ஆயிலையே நல்ல ஆயில் என்று புதிய வண்டிக்கும் ஊற்றினால் எஞ்சின் ஒன்றும் சொல்லாது. சில ஆண்டுகள் கழித்து வடிகட்டி சொல்லும், பெரிய செலவாக. கையேட்டில் எழுதியிருக்கும் தரக்குறியை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்து வாங்குவதைவிட லாபமான பராமரிப்பு இந்த வண்டிக்கு வேறில்லை.

வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை வைத்து வெல்டு செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கத் தோன்றுகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் வண்டிக்குப் பின்னால் நின்று மூட்டை இறக்குகிற தொழிலாளி.

டீசலின் பக்கம் வருவோம். 1995இல் ஜப்பானின் டென்சோ ஒரு லாரியிலும், 1997இல் ஜெர்மனியின் போஷ் கார்களிலும் கொண்டுவந்த காமன் ரெயில் முறைதான் இன்று எல்லா டீசல் பிக்கப்பிலும். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கும் முறை அது. அந்தக் குழாயில் 1,600 முதல் 2,000 பார் வரை அழுத்தம்; ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம். பசிபிக்கின் மரியானா அகழியின் அடித்தளத்தில் இருப்பதே 1,100 பார் அளவுதான். இன்ஜெக்டரின் உள்பாகங்களுக்கு நடுவே இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளி. அங்கே தனி ஆயில் கிடையாது. டீசலே வழுவழுப்பும் தரவேண்டும். கந்தகத்தை 10 பி.பி.எம். அளவுக்கு நீக்கியபோது டீசல் தன் இயல்பான வழுவழுப்பையும் இழந்தது. சுத்திகரிப்பு ஆலையில் அதை வேறு பொருள் சேர்த்து ஈடுசெய்கிறார்கள். தண்ணீர் கலந்தால் அந்த ஈடு வீண். டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, தேங்கிய நீரை வடித்துவிடுவது ஐந்து நிமிட வேலை. ஒரு செட் இன்ஜெக்டர் விலையோ ஒரு மாத வருமானத்தைத் தின்றுவிடும்.

காற்றையும் சொல்லவேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரிய பத்தாயிரம் லிட்டருக்கும் மேல் காற்று வேண்டும். செங்கல் சூளைக்கும் குவாரிக்கும் போகும் வண்டி உறிஞ்சுவது குவார்ட்ஸ் தூசு. அது எஃகில் கீறல் போடும் அளவுக்குக் கடினம். அதற்காக ஏர் ஃபில்டரை வாராவாரம் எடுத்துக் கம்ப்ரசரில் ஊதுவது நல்லதில்லை. காகிதம் நுண்ணியதாகக் கிழியும். ஓரத்து ரப்பர் சரியாக உட்காராது. கொஞ்சம் தூசு படிந்த காகிதம், டி.பி.எஃப். கரியைப் போலவே, இன்னும் நன்றாக வடிகட்டுகிறது. வடிகட்டிய காற்றை எஞ்சினுக்குள் அழுத்தி அனுப்பும் டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல், அதுவும் ஆயில் படலத்தில் மிதந்தபடியே சுழல்கிறது. மலை ஏறி நின்றதும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால், கொதிக்கும் அச்சில் ஆயில் கருகிப் படியாது.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்பு படிந்து சூடு வெளியேறாமல் போகும். கையேடு சொல்லும் கூலன்ட், அல்லது அதன் அடர்கரைசலோடு வாலைநீர். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். நீர் ஏறியபின் அந்த எல்லை 140 வரை இறங்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்கும் வண்டியில் பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால், மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது. பாரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த லுண்ட்பெர்க்கும் பால்ம்கிரெனும் 1947இல் வகுத்த விதிப்படி, பால் பேரிங்கின் மேல் பளு இரட்டித்தால் அதன் ஆயுள் எட்டில் ஒன்றாகும். உருளை பேரிங்கில் இன்னும் மோசம், பத்தில் ஒன்று. ஒரு நடையை மிச்சப்படுத்த இரண்டு நடைச் சரக்கை ஏற்றுபவர், வீல் பேரிங்கின் கணக்கில் பல நடைகளை இழக்கிறார்.

இவ்வளவும் உள்ளே எப்படி நடக்கிறது என்று எஞ்சினைத் திறக்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. 1940களில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள், டீசல் எஞ்சின்களிலிருந்து வடித்த பழைய ஆயிலை எரித்து, அந்தச் சுடரின் ஒளியைப் பிரித்து, எந்தெந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கின. இந்திய ரயில்வேயின் டீசல் பணிமனைகளிலும் இது வழக்கமான சோதனை. இரும்பு கூடினால் சிலிண்டர் தேய்கிறது. செம்பும் ஈயமும் கூடினால் பேரிங். சோடியம் தெரிந்தால் கூலன்ட் எங்கோ கசிந்து ஆயிலுக்குள் வருகிறது. சிலிக்கன் கூடினால் அது பெரும்பாலும் மண். தனியார் ஆய்வகங்களும் இன்று இதைச் செய்து தருகின்றன. பத்து பன்னிரண்டு வண்டி வைத்திருக்கும் சங்கங்கள் ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு சிறு புட்டியில் பழைய ஆயிலை எடுத்து அனுப்பத் தொடங்கலாம். அறிக்கையில் சிலிக்கனும் இரும்பும் சேர்ந்து ஏறியிருந்தால், எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் போகும் முன், ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயின் கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.