குறையைக் கண்டவன் சொல்லட்டும்

"பதினொரு வருடம் கார்மன்டில் இருந்தீர்களே, வியாபாரத்துக்கு உதவும்படி அங்கே என்ன படித்தீர்கள்?" என்று கடை வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு பட்டனை ஒழுங்காகத் தைக்க எனக்கு இன்றும் வராது. ஆனால் ஒரு பொருள் எங்கே பழுதாகிறது, அந்தப் பழுதுக்கு யார் பணம் கட்டுகிறார் என்பதை அங்கேதான் கண்டேன்.

வெட்டும் பகுதியில் துணியைப் பல அடுக்குகளாக விரித்து ஒரே தடவையில் வெட்டுவார்கள். எல்லாச் சுருளும் ஒரே நிறம் என்று சொல்லப்பட்டாலும் சாயத்தில் சிறு வித்தியாசம் இருக்கும். ஆகவே ஒவ்வோர் அடுக்குக்கும் இலக்கம் ஒட்டப்படும். 37ஆம் இலக்கக் கொலர் 37ஆம் இலக்க உடலோடுதான் சேரவேண்டும். இலக்கம் பிசகினால் கொலர் ஒரு நீலம், உடல் இன்னொரு நீலம்.

கொலர் பூட்டும் இடத்திலேயே இதைக் கண்டால் நட்டம் சில நிமிடங்கள்தான். தைத்தபின் கண்டால் தையலைப் பிரிக்கவேண்டும். பெட்டியில் அடைத்தபின் என்றால் பெட்டிகளையும் உடைக்கவேண்டும். வாங்குபவரின் பரிசோதகர் கண்டால்? ஆடைத் தொழிலில் பெரிதும் பயன்படும் மாதிரி அட்டவணைப்படி, 3,000 சேர்ட்டில் அவர் 125ஐ எடுத்துப் பார்ப்பார். 2.5 என்ற தர அளவில் 7 குறை வரை ஏற்பார். எட்டாவது குறை வந்தால் 3,000மும் திரும்பும். எல்லாவற்றையும் மீண்டும் பார்த்து முடிப்பதற்குள் கப்பல் போய்விடும். பிறகு விமானத்தில் அனுப்பும் செலவு தொழிற்சாலையின் தலையில் விழும். இலாபத்தை விழுங்கிய பின் அது முதலிலும் கைவைக்கும்.

இந்தக் குறையை முதலில் காண்பவர் முகாமையாளர் அல்ல, இயந்திரத்தில் குந்தியிருக்கும் பிள்ளை. சம்பளமும் அவருக்குத்தான் குறைவு. மணித்தியாலத்துக்கு இத்தனை என்று பலகையில் எழுதியிருக்கும்போது, நிறுத்திச் சொன்னால் ஏச்சு விழும். ஆகவே பலர் குனிந்த தலை நிமிராமல் தைத்துவிடுவார்கள்.

ஒரு நாள் வயதில் மூத்த சகோதரி ஒருவர் கொலரைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டார். சுப்பர்வைசர் சத்தம் போட்டார். முகாமையாளர் வந்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு லைனை நிறுத்தினார். ஒரு கட்டு முழுவதும் இலக்கம் பிசகியிருந்தது. தைத்திருந்தவை 6 மட்டும். "இந்த மணித்தியாலக் கணக்குக் குறைந்ததைப் பற்றி யாரையும் கேட்கவேண்டாம்" என்று அவர் சுப்பர்வைசரிடம் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஜப்பானியருக்கு இது பழைய யோசனை. சகிச்சி டொயோடா 1924இல் பூர்த்திசெய்த தானியங்கி நெசவு இயந்திரம், நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். பழுதான துணியை அது நெய்துகொண்டே போகாது. அக்குடும்பம் பின்னர் தொடங்கிய டொயோட்டா மோட்டார் கம்பனியில் அதே யோசனை ஒரு கயிறாக மாறியது. குறையைக் காணும் தொழிலாளி கயிற்றை இழுப்பார், விளக்கு எரியும், குழுத் தலைவர் வருவார். உரிய நேரத்தில் தீராவிட்டால் வரிசை நிற்கும். இழுத்தவரை ஏசினால் மறுநாள் யாரும் கயிற்றைத் தொடமாட்டார்கள்.

நமது கடைகளில் அந்தக் கயிறு எங்கே? மூடை நனைந்திருப்பதையும், பக்கெட்டில் திகதி முடியப்போவதையும் முதலில் காண்பவன் கடைப் பையன். சொன்னால் "உன் வேலையைப் பார்" என்கிறோம். அதன்பின் அவன் வாய் திறப்பதில்லை. அதை நாம் மரியாதை என்று எண்ணிக்கொள்கிறோம்! கடைசியில் குறையைக் காண்பவர் வாடிக்கையாளர். அவரும் பெரும்பாலும் சண்டைக்கு வருவதில்லை, அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

என்னுடையது துணிக்கடை. சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன், சனம் நிறைந்திருந்த நேரத்தில், புறக்கோட்டையிலிருந்து வந்த பொதியைப் பிரித்த பையன் கூப்பிட்டான். "முதலாளி, இந்த சல்வார் செட்டில் மேலும் கீழும் ஒரே கலர் இல்லை." வெளியே வெயிலில் வைத்துப் பார்த்தோம். 60 செட்டில் 24 அப்படித்தான். விலைச்சீட்டு ஒட்டாததால் மொத்த வியாபாரி மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்.

சில நாட்களில் அவன் சொல்வது பிழையாகவும் இருக்கும். டியூப் லைட்டில் வேறாகத் தெரிந்த துணி வெளியே கொண்டுபோனால் ஒன்றாகவே இருக்கும். அதற்கும் ஏச்சு இல்லை என்று கடையில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.