இருளிற் கேட்ட நாடகங்கள்

தொடர்கதையின் அடுத்த பகுதிக்காகத் தபாற்காரன் வரும் வழியைப் பார்த்திருந்த காலம் ஒன்று நம்மவரிடையே இருந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, வந்தியத்தேவனுக்கு என்ன நேருமோ என்ற கவலையிலேயே ஒரு கிழமையைக் கழித்தவர் பலர். இத்தகைய எதிர்பார்ப்பையே முதலாகக் கொண்டு அமெரிக்காவில் இரண்டு கலைகள் வளர்ந்தன. ஒன்று, படமாளிகைகளில் வாரத்துக்கு ஓர் அத்தியாயமாகக் காட்டப்பெற்ற தொடர்ப்படம். மற்றையது வானொலி நாடகம். அவை அங்கே செழித்திருந்த காலம் முடிந்து பல்லாண்டுகளாகின்றன. ஆயினும் எங்கள் வீட்டில் அவை மீண்டும் உயிர் பெற்றிருக்கின்றன. அதற்குக் காரணமானவர் என் அண்ணர்.

அண்ணர் ஆங்கில ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். நீரிழிவு நோய் அவருடைய பார்வையைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொண்டது. அது முற்றாக மங்கிய பின்னர் எங்களுடன் வந்து தங்கினார். மாலையில் வீட்டார் அனைவரும் தொலைக்காட்சியின் முன் கூடும்போது, நான் அவர் பக்கத்தில் இருந்து திரையில் நிகழ்வதை எடுத்துச் சொல்வேன். சில நாட்கள் பொறுத்திருந்தார். பின்பு ஒருநாள், "நீ பார், தம்பி. எனக்காக மினைக்கெடாதை" என்று சொல்லிவிட்டு எழுந்து தம் அறைக்குப் போனார். அதன்பின் மாலை வேளைகளில் அவர் கூடத்துக்கு வரவில்லை. நான் அவரை வற்புறுத்தவுமில்லை. உண்மையைச் சொன்னால், எடுத்துச் சொல்லும் வேலை இல்லாமற் போனது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. அதனை எண்ணி இன்று வெட்கப்படுகிறேன்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படியான ஓர் இரவில், புழுக்கந் தாளாமல் எல்லோரும் விறாந்தையில் வந்து இருந்தோம். அண்ணரும் வந்திருந்தார். உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் பேத்தி, தன் ஆசிரியை கேட்கச் சொன்னதாகக் கூறி, கைத்தொலைபேசியிற் சேமித்து வைத்திருந்த வானொலி நாடகம் ஒன்றை ஒலிக்கவிட்டாள். 'சாரி, ராங் நம்பர்' என்பது அதன் பெயர். லூசில் பிளெச்சர் எழுதியது, சி.பி.எஸ். வானொலியின் 'சஸ்பென்ஸ்' நிகழ்ச்சியில் 1943 மே 25ஆம் திகதி முதன்முதலாக ஒலிபரப்பானது.

நோயாளியாய்ப் படுக்கையிற் கிடக்கும் ஒரு பெண், கணவனுடன் பேசுவதற்காகத் தொலைபேசியை எடுக்கிறாள். இணைப்பு மாறிவிடுகிறது. அன்றிரவு ஒரு பெண்ணைக் கொலை செய்யத் திட்டமிடும் இருவரின் பேச்சு அவள் காதில் விழுகிறது. அவள் சொல்வதை எவரும் நம்புவதாயில்லை. அரை மணி நேர நாடகத்தைப் பெரும்பாலும் அக்னஸ் மூர்ஹெட் என்ற நடிகையின் குரலே தாங்கிச் செல்கின்றது. அந்நிகழ்ச்சியில் அவர் அதனைப் பின்னரும் பல தடவைகள் நடித்தார்.

நாடகம் பாதி கடந்தபோது அண்ணர் மெல்லச் சொன்னார்: "கோச்சி எண்டு ஒருதன் சொன்னதை ஒருதரும் மறந்திடாதையுங்கோ." எங்களுள் எவரும் அதனைக் கவனித்திருக்கவில்லை. முடிவை நான் இங்கே கூறப்போவதில்லை. கேட்போர் தாமே கண்டுகொள்க. நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் அண்ணரைச் சூழ்ந்துகொண்டு, புரியாத இடங்களையெல்லாம் கேட்டனர். வெகு நாட்களின் பின் அவருடைய பழைய வகுப்பறைக் குரலை அன்று நான் கேட்டேன்.

அன்று முதல் மின்வெட்டு வரும்போதெல்லாம் ஒரு நாடகம் என்பது வழக்கமாயிற்று. மின்சாரம் சீரான பின்னரும் விளக்கை அணைத்துவிட்டே கேட்டோம். இந்நாடகங்களில் ஒலிக்குறிப்புகளைத் தந்தவர்களின் கைத்திறன் வியப்புக்குரியது. மெல்லிய செலோபேன் தாளைக் கசக்கினால் அது தீ எரியும் ஓசை. சோளமாப் பொதியை அழுத்தினால் பனியில் நடக்கும் ஓசை. சிரட்டைகளைத் தட்டினால் குதிரைக் குளம்பொலி. மெய்யான பொருளின் ஓசை ஒலிவாங்கியில் எப்போதும் மெய்போல ஒலிப்பதில்லை என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இவை நம் காலம்வரை எஞ்சியதும் ஒரு கதையே. அக்காலத்துப் பெரிய வானொலி வலையமைப்புகள், ஒலிப்பதிவை நேயர்க்கு ஒலிபரப்புவதை 1940களின் பிற்பகுதி வரை பெரிதும் விலக்கியே வைத்திருந்தன. நடிகர்கள் நேரடியாகவே நடித்தனர். எனினும் விளம்பரதாரருக்கும் நிலையங்களின் தேவைக்குமாக 16 அங்குல விட்டமுள்ள பெரிய இசைத்தட்டுகளிற் பதிவு செய்து வைத்தனர். போர்க்காலத்தில் அலுமினியம் அரிதாகவே, கண்ணாடியை அடித்தளமாகக் கொண்ட தட்டுகளும் பயன்பட்டன. பதிவு செய்யப்படாதவையும் உடைந்தவையும் அழிந்தன. எஞ்சியவற்றை ஆர்வலர்கள் தேடி எடுத்து, ஒலிநாடாவிற் படியெடுத்து, ஒருவருக்கொருவர் வழங்கிக் காப்பாற்றினர். 1962 செப்டெம்பர் 30ஆம் திகதி 'சஸ்பென்ஸ்' தன் இறுதி நாடகத்தை ஒலிபரப்பியதோடு அமெரிக்க வானொலி நாடகத்தின் பொற்காலம் முடிந்ததென்பது வழக்கு.

தொடர்ப்படங்களுக்கு நாங்கள் வந்தது அதன் பின்னர்தான். பேர்ல் வைற் நடித்த 'பெரில்ஸ் ஒஃப் போலின்' 1914இல் வெளிவந்தது. பேசும்படக் காலத்தில் 12 முதல் 15 வரையான அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது நிமிடம் என்பது பொதுவான அளவாயிற்று. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் கதாநாயகன் சாவின் வாயில் நிற்பான். மீதியை அறிய அடுத்த சனிக்கிழமை மீண்டும் காசு கொடுத்து வரவேண்டும். 1956இல் வெளிவந்த 'பிளேசிங் த ஓவர்லாண்ட் ட்றெயில்' என்பதோடு அமெரிக்கப் பெருநிறுவனங்கள் இவற்றைத் தயாரிப்பதை நிறுத்தின.

முதலில் நான் ஒரு பிழை செய்தேன். 1936இல் வந்த 'பிளாஷ் கோர்டன்' படத்தின் 13 அத்தியாயங்களையும் ஒரே நாளிற் பார்த்து முடிக்க முற்பட்டேன். ஐந்தாவதிலேயே சலித்துவிட்டது. மலையுச்சியிலிருந்து காரோடு வீழ்ந்தவன், மறு அத்தியாயத்தில் அதற்கு முன்பே வெளியே பாய்ந்துவிட்டதாகக் காட்டுவது இத்தொடர்களின் பழைய தந்திரம். ஒரு வாரம் கழித்துப் பார்ப்பவன் அதனை மன்னிப்பான். ஒரு நிமிடத்திற் பார்ப்பவன் எவ்வாறு மன்னிப்பான்? கீழைத்தேயத்தவன் சாயலிற் கொடுங்கோலனைப் படைத்த அக்கால மேனாட்டாரின் மனக்கோணலும் கண்ணை உறுத்தியது. எனது அலுப்பை அண்ணரிடம் சொன்னேன். "வாரச் சாப்பாட்டை ஒரு நேரத்திலை திண்டால் வயிறு என்ன செய்யும்?" என்றார்.

ஆகவே 1941இல் ரிப்பப்ளிக் நிறுவனம் வெளியிட்ட 'கப்டன் மார்வெல்' தொடரின் 12 அத்தியாயங்களையும் பன்னிரண்டு சனிக்கிழமைகளிற் பார்ப்பதெனத் தீர்மானித்தோம். கம்பிகளின்மீது பொம்மையை ஓடவிட்டு, மனிதன் வானிற் பறப்பதாக அதில் காட்டும் காட்சிகள் இன்றும் நம்பும்படியாகவே இருக்கின்றன. சீயத்துக்கு ஆய்வுக்குச் சென்ற அறிஞர்களுள் ஒருவனே முகமூடியணிந்த 'தேள்' என்னும் வில்லன். அவன் யார் என்பது கடைசி அத்தியாயம் வரை மறைபொருள். பிள்ளைகள் வாரந்தோறும் ஒவ்வொருவரைச் சந்தேகித்தனர். பேத்தி அண்ணர் அருகில் இருந்து காட்சிகளைச் சொன்னாள். அவர் மொழியை விளக்கினார்.

நான்காம் வாரமென நினைக்கிறேன். அண்ணர் சொன்னார்: "இவையள் ஒருத்தற்ரை குரலும் தேளின்ரை குரல் இல்லை. இது வேறை ஆள்." பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பன்னிரண்டாம் வாரம் முகமூடி கழன்றது. அறிஞர்களுள் ஒருவனே அகப்பட்டான். "பெரியப்பு தோத்துப் போனார்" என்று சின்னவன் கைகொட்டினான். அண்ணர் ஒன்றும் பேசவில்லை.

சில மாதங்கள் சென்றன. 1948 முதல் 1951 வரை சி.பி.எஸ். ஒலிபரப்பிய 'பிலிப் மார்லோ' துப்பறியும் நாடகம் ஒன்றை ஓரிரவு கேட்டுக்கொண்டிருந்தோம். துப்பறிவாளன் பேசத் தொடங்கிச் சில வாக்கியங்கள் ஆகவில்லை. அண்ணர் கையை உயர்த்தினார். "நிப்பாட்டு, தம்பி. இது தேள்."

மறுநாட் காலை நான் தேடிப் பார்த்தேன். மார்லோவாக நடித்தவர் ஜெரால்ட் மோர். 'கப்டன் மார்வெல்' படத்தில் தேளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவரும் அவரே. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மர்மம் வெளிப்படாதிருக்க, முகத்துக்குரியவனின் குரலை மாற்றியிருக்கிறார்கள். கண்ணுள்ள நாங்கள் அனைவரும் ஏமாந்தோம், அவர் ஏமாறவில்லை. நான் அவரிடம் சென்று, "அண்ணை, நீங்கள் சொன்னதுதான் சரி" என்றேன். "அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார்.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். இந்நாடகங்களுட் பல இன்று இணையத்தில் எளிதிற் கிடைக்கின்றன. ஒருநாள் வகுப்பறையின் யன்னல்களைச் சாத்திவிட்டு, ஒன்றை மாணவர்க்குக் கேட்பியுங்கள். ஒலியிலிருந்து ஒரு வீட்டையும் வீதியையும் மனிதரையும் தம் உள்ளத்திற் கட்டியெழுப்பும் பயிற்சி அவர்களுக்குக் கிட்டும். மொழியும் உடன்வரும்.

வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டிற் புதிய தொடர் ஒன்று தொடங்குகிறது. அண்ணரின் கதிரையைப் பிள்ளைகள் இப்பொழுதே ஒலிபெருக்கிக்கு அருகில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.