அறுவடைக்குப் பின் ஒரு கூரை

ஏப்ரல் மாதத்தில் பஞ்சாப், அரியானா மாநிலங்களின் தானியச் சந்தைகளில் கோதுமை குன்றுகளாகக் குவிகிறது. அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் 12 சதவீதத்தைக் கடந்தால் விலையில் பிடித்தம் உண்டு. 14 சதவீதத்தைத் தாண்டினால் வாங்கமாட்டார்கள். நெல்லுக்கு வரம்பு 17 சதவீதம். குறுவை அறுவடை முடியும் முன்பே பருவமழை வந்துவிடக்கூடிய காவிரிப் படுகையில் இந்த எண்ணை அறியாத உழவர் இல்லை. நான்கு மாத உழைப்பின் விலையை ஒரு மணி நேர மழை மாற்றிவிடுகிறது.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. 2016இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், மாநில அரசு அறிவித்திருந்தால், அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கும் இடமுண்டு. ஆயினும் அது, அறுத்து வயலிலேயே பரப்பியோ சிறு கட்டுகளாகவோ உலரவிட்ட பயிருக்கு, 14 நாட்கள் வரை மட்டுமே பொருந்தும். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். கதிரடிக்கும் முன் ஓரிடத்தில் போராகக் குவித்த கட்டுகளுக்கே காப்பு இல்லை எனும்போது, சந்தை முற்றத்தில் கிடக்கும் தானியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடைவெளியில் உழவருக்குத் துணை தார்ப்பாய்தான்.

பலரும் அதை மேலே போர்த்துவதற்கு என்றே எண்ணுகின்றனர். ஈரம் தரையிலிருந்தும் ஏறும். ஆகவே முதல் தார்ப்பாய் அடியில் விரிக்கப்பட வேண்டும். இந்திய உணவுக் கழகம் திறந்தவெளியில் அடுக்கும் மூட்டைகளுக்கு, உயர்த்திய மேடை, அதன்மேல் மரச்சட்டங்கள், பிறகு நாற்புறமும் மூடும் 250 மைக்ரான் பாலிதீன் உறை என்பதே முறை. களத்து மேட்டிலும் இதைச் சிறிய அளவில் பின்பற்றலாம். ஈரமான தானியத்தை மட்டும் நாள்கணக்கில் இறுக மூடிவைக்கக் கூடாது. குவியல் உள்ளே சூடேறி வியர்க்கும், முளைவிடும், நிறமும் கெடும். மழை நின்றதும் திறந்து கிளறிவிட வேண்டும்.

வாங்கும்போது எடையைப் பாருங்கள். 20 அடிக்கு 30 அடி என்பது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 250 கிராம் என்று விற்பனையாளர் சொன்னால், அந்தத் தார்ப்பாய் 14 கிலோ இருக்க வேண்டும். தராசு கடையிலேயே இருக்கும்! ஓரங்கள் மடித்து ஒட்டப்பட்டு, கயிறு கோக்கும் வளையங்கள் உறுதியாக இருப்பதும் முக்கியம். காற்றில் முதலில் கிழிவது அங்கேதான். சில மாநில வேளாண் துறைகள் மானிய விலையில் வழங்குவதையும் விசாரித்துக் கொள்ளலாம்.

வைக்கோல் போரை மூடவும், ஊறுகாய்ப் புல் குழியைக் காற்றுப் புகாமல் அடைக்கவும், மாட்டுக் கொட்டகையில் சாரலைத் தடுக்கவும் அதே தார்ப்பாய் உதவும். பண்ணைக்குட்டைக்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கெனத் தனி விரிப்பு உண்டு.

இதற்காகத் தனிக் கடன் தேவையில்லை. கிசான் கடன் அட்டையின் வரம்பைக் கணக்கிடும்போது, சாகுபடிச் செலவுடன் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் குடும்பத் தேவைக்குமாக 10 சதவீதம் சேர்க்கப்படுகிறது. நன்கு உலர்ந்த தானியத்துக்கு இன்னொரு வழியும் திறக்கிறது. அங்கீகாரம் பெற்ற கிடங்கில் வைத்து, அதன் ரசீதின் பேரில் கடன் பெறலாம்; அட்டை வைத்திருக்கும் சிறு, குறு உழவர்களுக்கு இதில் ஆறு மாதம் வரை வட்டிச் சலுகை உண்டு. விலை ஏறும்வரை காத்திருக்க நினைப்பவர்கள், அறுவடைக்கு முன்பே கிளையில் கேட்டுவைப்பது நல்லது.