ஷோரீல் மட்டும் போதாது: வேலை தேடும் டிஜிட்டல் கலை மாணவர்கள் கவனத்துக்கு

அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ்., கேம் டிசைன், விஸ்காம் என எதைப் படித்திருந்தாலும், ஸ்டூடியோவில் முதலில் கேட்பது மதிப்பெண் பட்டியலை அல்ல, ஷோரீலைத்தான். அதனால் கடைசி வருடம் முழுக்க ரெண்டரிங்கிலேயே ஓடிவிடுகிறது. ஆஃபர் லெட்டரில் எதைப் பார்ப்பது, டெஸ்ட் வேலையை எப்படி அனுப்புவது, காசு வராவிட்டால் யாரிடம் போவது என்று சொல்லித்தர ஆளில்லை. ஏமாறுவதும் பெரும்பாலும் அந்த இடங்களில்தான். சட்டம் பல நேரம் மாணவர் பக்கம் இருக்கிறது. ஆனால் எழுத்தில் ஆதாரம் வேண்டும்.

பணம் கட்டும் முன்

விளம்பரப் பலகையில் ‘100% வேலை’ என்று இருக்கும். கையெழுத்து வாங்கும் விண்ணப்பத்தில் ‘இன்டர்வியூவுக்கு அனுப்பிவைப்போம்’ என்று மட்டும் இருக்கும். விளம்பரத்தையும் ரசீதையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியார் பயிற்சி மையம் சொன்னபடி நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டு ‘டெபாசிட்’, ‘லேப்டாப் சார்ஜ்’ என்று பணம் கேட்டால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆன்லைனில் பணம் அனுப்பிவிட்டீர்களா? உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.

தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று அழைத்துச் சென்று, மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் அடைத்து வைத்த சம்பவங்கள் குறித்து வெளியுறவு அமைச்சகம் 2022-இலேயே எச்சரித்தது. அப்படிச் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு டூரிஸ்ட் விசாவில் அனுப்புகிறேன் என்றால் போகாதீர்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம்.

ரீலும் டெஸ்ட்டும்

ரீலுக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம் போதும். குழுவாகச் செய்த புராஜெக்ட் என்றால், ‘மூன்றாவது ஷாட்: ரோட்டோ, கீயிங் நான், லைட்டிங் வேறொருவர்’ என்று ஷாட் வாரியாக ஒரு பட்டியல் இணையுங்கள். இன்டர்ன்ஷிப்பில் செய்த ஷாட்டை, படம் வெளியாகும் முன் எழுத்து அனுமதி இல்லாமல் ரீலில் போடாதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். மாயா போன்ற மென்பொருள்களின் மாணவர் லைசென்ஸ் படிப்புக்கு மட்டுமே. அதில் காசுக்கு வேலை செய்யக் கூடாது. பிளெண்டர் இலவசம், வணிக வேலைக்கும் தடையில்லை.

டெஸ்ட் வைப்பது வழக்கம்தான். ஒரே டெஸ்ட்டில் பத்து ஷாட் வருகிறது, அதுவும் அசல் படத்தின் காட்சிகள் என்றால் சந்தேகப்படுங்கள். டெஸ்ட் என்பதை மெயிலில் எழுதச் சொல்லுங்கள். வாட்டர்மார்க் போட்டு, குறைந்த ரெசல்யூஷனில் அனுப்புங்கள். புராஜெக்ட் ஃபைலைக் கொடுக்காதீர்கள்.

நீங்களாக உருவாக்கிய டிசைனின் பதிப்புரிமை உங்களுடையது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, அதைக் கையெழுத்திட்ட எழுத்து மூலமாகத்தான் மாற்றித்தர முடியும். எத்தனை வருடம் என்று எழுதவில்லை என்றால் ஐந்து வருடம். எந்த ஊருக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். விதிவிலக்குகளும் உண்டு. சம்பளத்துக்குச் சேர்ந்து செய்த வேலை நிறுவனத்துடையது. காசுக்கு வரைந்து கொடுத்த ஓவியமும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கே. உரிமை கைமாறினாலும், படைத்தவர் நான் என்று உரிமை கோர அதே சட்டம் இடம் தருகிறது.

ஆஃபர் லெட்டரும் பாண்டும்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, பணி நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் ஊதிய பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

பாண்டில் கையெழுத்துப் போடும் முன் இரண்டைப் பாருங்கள்: எத்தனை வருடம், எவ்வளவு பணம். பாண்ட் எல்லாமே செல்லாது என்று நினைக்காதீர்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025-இல் ஏற்றது. அதே நேரம், வேலையை விட்ட பிறகு வேறு ஸ்டூடியோவில் சேரவே கூடாது என்ற நிபந்தனை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் முன் பொதுவாக நிற்காது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நகல் மட்டும் கொடுத்தால் போதும்.

பெரிய நிறுவனம் என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்கு ஆஸ்கர் வென்ற 2013-ஆம் வருடமே ரிதம் அண்ட் ஹியூஸ் திவாலானது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் நிலைகுலைந்தபோது, பெங்களூரில் இருந்த அதன் ஊழியர்களும் ஒரேயடியாக வேலை இழந்தார்கள். பே ஸ்லிப்பை மாதாமாதம் வாங்கி வைப்பதும், பி.எஃப். பாஸ்புக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் இப்படிப்பட்ட நாளில்தான் கைகொடுக்கும்.

ஃப்ரீலான்ஸ் காசு

வேலையைத் தொடங்கும் முன் ஒரு மெயில் போதும்: என்ன வேலை, எவ்வளவு தொகை, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை கரெக்‌ஷன் வரை, பாக்கி எந்தத் தேதிக்குள். ‘ஓகே’ என்று பதில் வந்த பிறகு கையை வையுங்கள். முழுப் பணம் வரும் வரை சோர்ஸ் ஃபைல் உங்களிடமே இருக்கட்டும்.

உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யக் கட்டணமில்லை. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது. அப்படிப் பதிவு செய்தவருக்கு 45 நாளைத் தாண்டிப் பாக்கி வைக்கக் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். புகாரை ஆன்லைனிலேயே பதியலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

கல்லூரிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கடைசி செமஸ்டரில் போர்ட்ஃபோலியோ வகுப்போடு ஒரு நாள் ஒதுக்கி, பெயர் நீக்கிய ஓர் ஆஃபர் லெட்டரையும் ஒரு பாண்டையும் மாணவர் கையில் கொடுத்து வரிவரியாகப் படிக்கவையுங்கள். எந்த வரியில் சிக்கல் என்று வகுப்பிலேயே கண்டுபிடித்துப் பழகியவர், ஹெச்.ஆர். முன்னால் உட்காரும்போது கேள்வி கேட்கத் தயங்க மாட்டார்.